கரி பஸ்ஸைத் தள்ளியவர்கள்

திருவொற்றியூர் தேரடியிலிருந்து பாரிஸ் கார்னர் வரைக்கும் ஓடிய அந்த வண்டிக்கு ஜெயலட்சுமி மோட்டார் சர்வீஸ் என்று பெயர். ஓடிய என்று சொல்வது மரியாதைக்குத்தான். உலகச் சண்டைக்காகப் பெட்ரோலையெல்லாம் பட்டாளத்துக்காரன் வாரிக்கொண்டு போய்விட்டான். ஊரில் மிஞ்சிய பஸ்களின் முதுகில் ஆளுயர டிரம் ஒன்றைக் கட்டி, அதில் அடுப்புக்கரியைக் கொட்டிப் பற்றவைத்து, அந்தப் புகையில் ஓட்டினார்கள். கண்டக்டர் வேலப்பன் விடியற்காலையிலேயே வந்து, டிரம்முக்குக் காற்று ஊதும் விசிறிச் சக்கரத்தைப் பிடித்துக் கை ஓய்கிற வரைக்கும் சுற்றுவான். முகமெல்லாம் கரியாகி, பெற்ற தாயே அவனைப் பார்த்து யாரென்று கேட்கிற நிலைமைக்கு வந்த பிறகு வண்டி ஓர் இருமல் இருமும். அது இருமினால் அன்றைக்கு ஊருக்கு நல்ல காலம்.

நல்ல காலமும் சுங்கச்சாவடி வரைக்கும்தான். அங்கே ஆள் ஏற்ற நின்றால் மூச்சு நின்றுவிடும். இறங்கித் தள்ளினால்தான் மறுபடி உயிர் வரும். யார் இறங்குவது, யார் உட்கார்ந்திருப்பது என்பதற்கு எவனும் சட்டம் எழுதி வைக்கவில்லை. பின்பக்கத்து நீளப் பெஞ்சியில் கூடைக்காரிகளும் ஹார்பர் கூலிகளும் உட்காருவார்கள்; அவர்கள் இறங்கித் தள்ளுவார்கள். முன்பக்கத்தில் கோட்டும் அங்கவஸ்திரமுமாக ஆபீஸ்காரர்கள் உட்காருவார்கள். அவர்கள் உட்கார்ந்தபடியே, "ம், அப்படித்தான், இன்னும் கொஞ்சம்" என்று ஊக்கம் கொடுப்பார்கள். அவர்களுடைய பாரத்தையும் சேர்த்துத் தள்ளுகிறோம் என்பது பின்பெஞ்சிக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் தள்ளினார்கள், போய்ச் சேர வேண்டுமே என்று.

தள்ளுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வண்டி பிடித்துக்கொண்டால் டிரைவர் ரஷீது நிறுத்த மாட்டார். நிறுத்தினால் மறுபடி செத்துப்போகும். ஆகவே தள்ளினவர்கள் கூடவே ஓடி, பின்படியில் தாவி ஏறிக்கொள்ள வேண்டும். காத்திவாக்கத்துப் பவுனம்மாளுக்கு இதில் நிகராக அந்த ரூட்டில் ஆள் கிடையாது. கொதிக்கிற டிரம்மில் விரல் படாமல் தோளைக் கொடுத்துத் தள்ளுவாள். என்ஜின் உறுமியதும் சேலையை ஒரு கையால் வரிந்துகொண்டு, மற்றொரு கையால் படிக்கம்பியைப் பிடித்து ஏறுவாள். ஏறிய கையோடு பின்னால் ஓடிவருகிற கூட்டாளிக் கூடைக்காரி கோவிந்தம்மாவையும் இழுத்துப் போட்டுக்கொள்வாள். வாயிலிருக்கிற வெற்றிலை அதுவரைக்கும் வாயிலேயே இருக்கும்.

அவள் விற்றது எண்ணூர்க் கழிமுகத்து இறால். இரவெல்லாம் புருஷன் இடுப்பளவு தண்ணீரில் நின்று பிடித்ததை, விடிந்ததும் கூடையில் ஈரச்சாக்கு போட்டு மூடித் தலையில் வைத்துக்கொண்டு தேரடிக்கு நடந்து வருவாள். அங்கிருந்து பஸ். ராயபுரத்தில் ரயில்வே உத்தியோகத்து ஆங்கிலோ இந்தியர்களான சட்டைக்காரர் வீடுகள் ஒரு வரிசை அவளுக்கு வாடிக்கை. அந்த வீட்டு அம்மாக்களுக்குக் கழிமுகத்து இறால் என்றால் உயிர். ஆனால் அடுப்பில் சட்டி ஏறுவதற்கு முன்னால் போய்விட வேண்டும். சட்டி ஏறிவிட்டால் இறால் தங்கத்தில் செய்திருந்தாலும் வாங்க மாட்டார்கள். பஸ் இல்லாவிட்டால் வாடிக்கை இல்லை, வாடிக்கை இல்லாவிட்டால் கரையிலேயே தரகன் காலில் கூடையைக் கொட்டிவிட்டு அவன் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். பவுனம்மாளின் வீடே அந்தப் பின்பெஞ்சியில்தான் உட்கார்ந்திருந்தது.

இந்த நேரத்தில்தான் நியூ காலனி முளைத்தது.

எதிரி குண்டு போடப் போகிறான் என்ற பீதியில் பட்டணத்தைவிட்டு ஓடியவர்களில் பாதிப் பேருக்குத் திரும்பிவர வீடு கிடைக்கவில்லை. எவனோ ஒரு புண்ணியவான் திருவொற்றியூருக்கு மேற்கே இருந்த தென்னந்தோப்பை வெட்டி மனை போட்டு, "கடற்காற்று, கோயில், பட்டணத்துக்குப் பக்கம்" என்று சொல்லி விற்றான். கடற்காற்று வந்தது. கூடவே கருவாட்டு வாசனையும் வந்தது. அதை அவன் சொல்லவில்லை. வாங்கியவர்களும் மூக்கைக் கூட்டிக்கொண்டு வந்து பார்க்கவில்லை. வீடு கட்டி, வாசலில் குரோட்டன்ஸ் வைத்து, கேட்டில் பெயர்ப்பலகை மாட்டிய பிறகுதான், பக்கத்தில் கடல் என்றால் மீனும் இருக்கும் என்று அவர்களுக்கு உறைத்தது.

காலனிக்குப் பிரயாணிகள் சங்கம் ஒன்று ஏற்பட்டது. அதற்குக் காரியதரிசி தாமோதரன். பீச் ரோட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். அந்தக் கம்பெனியின் கப்பல்களெல்லாம் தன் பேனாவின் மேல்தான் மிதக்கின்றன என்ற நினைப்பு அவருக்கு. பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டு அவருடையது. உட்கார்ந்ததும் செண்டு தடவிய கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வார். ராயபுரம் தாண்டி, பவுனம்மாள் கூடையோடு இறங்கிய பிறகுதான் அதை எடுப்பார்.

"இந்த ஆளு மூஞ்சி எப்பிடி கீதுன்னு இன்னிவரிக்கும் நானு பாக்கல" என்பாள் பவுனம்மாள், அவர் காதில் விழும்படியாகவே.

ஒரு நாள் சுங்கச்சாவடிக்கு முன்னால் மாடு குறுக்கே வந்து ரஷீது பிரேக் போட்டார். பெஞ்சிக்கடியில் இருந்த இறால் கூடையிலிருந்து தண்ணீர் ஒரு கோடாகக் கிளம்பி, பலகைத் தரையில் மெதுவாக நடந்து, எல்லோரையும் விட்டுவிட்டு நேரே தாமோதரனின் டிபன் கேரியரின் அடியில் போய்த் தங்கியது.

அவர் துள்ளி எழுந்தார். "கண்டக்டர்! இது என்ன பஸ்ஸா, மீன் மார்க்கெட்டா? மனுஷன் சாப்பிடுகிற சாப்பாடு இது!"

"கேரியருக்கு மூடி போட்டுத்தான கீது சாரு?" என்றாள் பவுனம்மாள். "தண்ணி இன்னா ஏணி வச்சா உள்ள ஏறும்? எறாவெல்லாம் என் கூடைல கீது. உன் தயிர்சோத்தைத் துன்றதுக்கு அதுக்கு இன்னா தலையெழுத்து?"

பின்பெஞ்சி சிரித்தது. முன்பக்கத்திலும் ஓரிருவர் கைக்குட்டைக்குள் சிரித்தார்கள். அதுதான் தாமோதரனுக்குப் பொறுக்கவில்லை. மீன்காரி பேசியதைக்கூட மறந்திருப்பார்; குமாரவேல் சிரித்ததை அவரால் மறக்க முடியவில்லை. குமாரவேல் அவருக்கு அடுத்த வீட்டுக்காரர், சங்கத்தின் பொக்கிஷதார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே சங்கம் திரண்டு, தட்டு நிறைய எலுமிச்சம்பழமும் மாலையுமாகப் பஸ் முதலாளி வீட்டுக்குப் போனது. கூடை கூடாது, மூட்டை கூடாது, கூலிக்காரர் நாற்றம் கூடாது; கௌரவமான பஸ்ஸாக இருந்தால் காலனி மொத்தமும் மாதம் தவறாமல் சீசன் டிக்கெட் எடுக்கும் என்றார்கள். முதலாளிக்கு மாலை போட்டால் தலை தானாகவே ஆடும். ஆடியது.

மறுநாள் தேரடியில் வேலப்பன் படியில் குறுக்கே நின்றான். பவுனம்மாளைப் பார்க்காமல் விசிறிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"பவுனக்கா, கூடைக்கு எடமில்லக்கா. மொதலாளி சொல்ட்டாரு. ஹார்பர் ஆளுங்களயும் ஏத்தக் கூடாதாம்."

"இன்னாடா சொல்ற? பெஞ்சி காலியா கீதே!"

"காலியாவே போவட்டும்னு சொல்ட்டாருக்கா."

முதல் சீட்டில் கைக்குட்டை அசையவில்லை. பவுனம்மாள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு கிழக்கே கடல் இருக்கிற திசையைப் பார்த்து, முதலாளி, காரியதரிசி, இருவரையும் பெற்றவர்கள், அவர்கள் போட்ட மாலையைக் கட்டிய பூக்காரன் எல்லோருக்கும் வரிசையாகக் கொடுத்தாள். கஸ்மாலம், பேமானி என்பவை அதில் மரியாதையான சொற்கள். கொடுத்து முடித்தபோது பஸ் போய்விட்டிருந்தது, ராயபுரம் அதே தூரத்தில்தான் இருந்தது. கோவிந்தம்மா கூடையைத் தரகனிடமே கொட்டக் கரைக்குத் திரும்பிவிட்டாள். பவுனம்மாள் நடந்தாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது முதல் வீட்டில் சட்டி ஏறியிருந்தது. இரண்டாம் வீட்டிலும் ஏறியிருந்தது. வெயிலில் வந்த இறால் துவண்டு போய், அதன் கண்கள் அவளைக் குற்றம் சொல்வதுபோலக் கருத்துக் கிடந்தன. அடுத்த நாள் ஓட்டமும் நடையுமாகப் போனாள், அன்றைக்கும் பிந்திவிட்டது. அதற்கடுத்த நாள் மூலை வீட்டுப் படியில் காசிமேட்டுக்காரி ஒருத்தி ஏற்கெனவே கூடையை இறக்கி வைத்துக்கொண்டு, வீட்டு அம்மாவிடம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். பவுனம்மாள் கூடையை இறக்காமலேயே நின்றாள். யாரைத் திட்டுவதற்கும் அப்போது வாய் வரவில்லை. பயம் அவளுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத சங்கதி. அதனால் அது வந்தபோது முழுசாக வந்தது.

கௌரவமான பஸ்ஸின் கதையை அவள் நான்காம் நாள் கண்ணாலேயே பார்த்தாள்.

சுங்கச்சாவடிப் புளியமரத்தடியில் அது நின்றுகொண்டிருந்தது. உள்ளே வெள்ளைவெளேரென்று காலனி மொத்தமும் உட்கார்ந்திருந்தது. வெளியே ரஷீது ஸ்டியரிங்கை ஜன்னல் வழியாக ஒரு கையால் பிடித்துக்கொண்டு தள்ள, வேலப்பன் பின்னாலிருந்து தள்ள, வண்டி ஒரு முழம் நகர்ந்து மறுபடியும் பின்னுக்கு வந்தது. காலனிக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கரியை மாற்ற வேண்டும் என்றார் ஒருவர். பெரிய கம்பெனிகளில் இப்படி நடக்காது என்றார் இன்னொருவர். இறங்கலாம் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. இறங்கினால் அப்புறம் தாங்களும் பின்பெஞ்சி ஆகிவிடுவோம் என்று நினைத்தார்களோ என்னவோ.

தாமோதரன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "ஏம்மா! ஒரு கை கொடுத்துவிட்டுப் போயேன். ஆபீசுக்கு நேரமாகிறது."

பவுனம்மாள் நின்றாள். மூன்று நாளாகக் கேட்காத பேச்சு. ஈரச்சாக்கை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"எங்கையி நாறும் சாரு. வண்டிக்கு ஒட்டிக்கப் போவுது" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அன்றைக்கு அவள் பஸ்ஸுக்கு முன்னால் ராயபுரம் போய்ச் சேர்ந்தாள். ஆனாலும் சட்டி அவளுக்கு முன்னால் ஏறிவிட்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து வேலப்பன் காத்திவாக்கத்துக்கே ஆள் தேடி வந்தான். கூடைக்காரிகள் வரலாமாம். கூடையை மட்டும் மேலே கூரையில் கட்டிவிட வேண்டுமாம். சங்கம் கூடிப் பேசி, பெரிய மனசு பண்ணி ஒப்புக்கொண்டதாம்.

"போவாத பவுனு" என்றாள் கோவிந்தம்மா. "ரோசம் இல்லியா நமக்கு?"

"ரோசத்தக் கொதிக்க வச்சிக் குடிக்கவா?" என்றாள் பவுனம்மாள். "மூணு வூடுதான் இன்னும் மிச்சம் கீது. அதுவும் பூட்ச்சின்னா நானு தரகன் கால்லதான் வுயணும்."

போனாள். கூடையைக் கூரையில் கட்டிவிட்டுப் பின்பெஞ்சியில் தனியாக உட்கார்ந்தாள். டிக்கெட் வாங்கினாள், முழு டிக்கெட். தாமோதரனின் கைக்குட்டை வழக்கம்போல மூக்குக்கு ஏறியது. அன்றைக்கு யாரையும் ஒன்றும் சொல்வதில்லை, தள்ளச் சொன்னால் தள்ளுவது, சட்டி ஏறுவதற்குள் போய்ச் சேருவது என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் வந்திருந்தாள். அப்படியே நடந்தும் இருக்கும்.

சுங்கச்சாவடியில் வண்டி நின்றது. ஆபீஸ்காரர் ஒருவர் ஏறினார். என்ஜின் இரண்டு முறை விக்கிவிட்டு அடங்கியது. பவுனம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்துகூட விட்டாள். தாமோதரன் திரும்பிப் பார்த்தார். கைக்குட்டைக்குள்ளிருந்தே பேசினார்.

"என்ன இன்னும் நிற்கிறாய்? இறங்கித் தள்ளு. அதற்குத்தானே உன்னை ஏற்றிக்கொண்டு வருவது?"

பவுனம்மாள் உட்கார்ந்துவிட்டாள்.

வேலப்பன் பின்படியில் நின்று கெஞ்சினான். "அக்கா, இன்னாக்கா இது, எறங்குக்கா."

"டிக்கெட்டு கீது என்கைல. அந்தாளு கைல கீற அதே டிக்கெட்டு. அந்தாளு எறங்கட்டும், நானும் எறங்குறேன்."

"எறா வெயில்ல கீதுக்கா!"

அது அவளுக்குத் தெரியாதா? கூரைத் தகரம் எப்படிக் காயும் என்று அவளுக்குத் தெரியும். மேலே சாக்கு உலர்ந்துகொண்டிருந்தது. ராயபுரத்தில் அந்த மூன்று வீடுகளில் விறகை அடுக்கிக்கொண்டிருப்பார்கள். காசிமேட்டுக்காரி படியேறிக்கொண்டிருப்பாள். எழுந்து தோளைக் கொடுத்தால் ஒரு நிமிஷ வேலை. பெஞ்சியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்; இல்லாவிட்டால் கால் தானாக இறங்கிவிடும்போல இருந்தது. அவளுக்கு அழுகையே வந்தது. அந்த ஆளுக்கு முன்னால் அழுவதைவிட இறால் மொத்தமும் அழுகிப்போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

முன்பக்கத்தில் கடிகாரங்கள் வெளியே வந்தன. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்றைக்கும் தாமதமானால் துரை கூப்பிட்டு அனுப்புவான் என்று ஒருவர் முணுமுணுத்தார். கடைசியில் முதல் ஆளாகக் குமாரவேல் எழுந்தார். செருப்பைச் சரிசெய்துகொண்டு, "வாருங்கள், தேசத்துக்காக என்னென்னவோ செய்கிறார்கள், நாம் பஸ்ஸுக்காகச் செய்வோம்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். பின்னாலேயே மற்றவர்கள். கடைசியாகத் தாமோதரன். கோட்டைக் கழற்றவில்லை, கழற்றினால் வேலை செய்வதாக ஆகிவிடுமே. டிபன் கேரியரைச் சீட்டிலேயே வைத்துவிட்டு இறங்கினார்.

பத்துப் பதினைந்து படித்த மனிதர்கள் ஒரு பஸ்ஸைத் தள்ளுகிற அழகைச் சுங்கச்சாவடி அதற்கு முன்னால் கண்டதில்லை. ஒருவர் டிரம்மில் கை வைத்துவிட்டு ஐயோ என்று விரலை உதறினார். ஒருவர் தள்ளுவதாக நினைத்துக்கொண்டு முன்னால் நின்றவரைத் தள்ளினார். தாமோதரன் இரண்டு விரலை மட்டும் வண்டிமேல் வைத்துக்கொண்டு, "எல்லோரும் ஒன்றாக! ஒன்றாக!" என்று காரியதரிசி வேலையைப் பார்த்தார். டீக்கடையிலிருந்தவர்கள் தம்ளரோடு வெளியே வந்துவிட்டார்கள்.

ஆனாலும் பதினைந்து பேர் பதினைந்து பேர்தான். வண்டி உருண்டது. ரஷீது கியரைப் போட்டார். டிரம் குலுங்கி, ஒரு பொதி கரும்புகையை அத்தனை வெள்ளைச் சட்டைகள்மேலும் துப்பிவிட்டு, என்ஜின் பிடித்துக்கொண்டது.

காலனிக்காரர்கள் கைதட்டினார்கள். கைதட்டிவிட்டு, வண்டி நிற்கும் என்று நின்றார்கள்.

வண்டி நிற்கவில்லை. அது என்றைக்கு நின்றிருக்கிறது? இத்தனை மாதம் அதே வண்டியில் உட்கார்ந்து வந்தவர்கள், தள்ளினவர்கள் எப்படி ஏறினார்கள் என்று ஒரு நாளாவது திரும்பிப் பார்த்திருந்தால்தானே?

"ஏறுங்கோ! ஓடியாந்து ஏறுங்கோ!" என்று வேலப்பன் படியில் தொங்கிக்கொண்டு கத்தினான். அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது. அங்கவஸ்திரமும் செருப்பும் ஒவ்வொரு பக்கம் பறக்க ஓடிவந்தார்கள். வேட்டி தடுக்கி ஒருவர் உட்கார்ந்தேவிட்டார். குமாரவேல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று சிரிக்க ஆரம்பித்தார். தாமோதரன் ஒருவர்தான் படிக்குப் பக்கத்தில் வந்தவர். கம்பி எட்டவில்லை. முகமெல்லாம் கரி. கைக்குட்டை கையிலிருந்து எங்கேயோ போய்விட்டிருந்தது. அன்றைக்குத்தான் பவுனம்மாள் அவருடைய மூக்கையும் வாயையும் முழுசாகப் பார்த்தாள். பாவம், சாதாரண மூஞ்சிதான். பயந்துபோன மூஞ்சி. ராயபுரத்து மூலை வீட்டுப் படியில் காசிமேட்டுக்காரியைப் பார்த்து நின்றபோது தன் மூஞ்சியும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவளுக்குப் பட்டது.

வேண்டுமென்று செய்யவில்லை. பழகிய உடம்பு, அதுவாக எழுந்து படிக்கு வந்தது. ஒரு கை கம்பியைப் பிடித்துக்கொண்டது. மற்றொரு கை கோவிந்தம்மாவுக்கு நீளுகிற மாதிரியே அவருக்கும் நீண்டது.

"புடி சாரு! கையப் புடி!"

காலையில் இறாலை அள்ளிப் போட்ட கை. நகக்கண்ணில் இறால் மீசை ஒட்டிக்கொண்டிருந்தது. தாமோதரன் கையை உயர்த்தினார். அவள் கையைப் பார்த்தார். அவருடைய மூக்கு சுருங்கியது. கை பாதியில் நின்றது. நின்றது ஒரு கண்ணிமைக்கிற நேரம்தான். அதற்குள் வண்டி போய்விட்டது.

அவள் சற்று நேரம் கையை நீட்டியபடியே நின்றாள். புழுதிக்கும் புகைக்கும் நடுவில் அவர் சின்னதாகிக்கொண்டே போனார். பிறகு கையை இழுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"நிறுத்தவா?" என்று ரஷீது முன்னாலிருந்து கத்தினார். "அத்தினி பேரும் ரோட்ல நிக்கிறாங்களே!"

வேலப்பன் பவுனம்மாளைப் பார்த்தான்.

"நிறுத்துனா மறுபடி ஆரு தள்றது பாய்?" என்றாள் அவள். "நீ பாட்டுக்குப் போய்க்கினே இரு. எனக்குச் சட்டி ஏறிடும்."

வண்டியில் மீதமிருந்தது அவர்கள் மூன்று பேர்தான். பாரம் குறைந்ததில் பஸ் என்றைக்கும் இல்லாத வேகத்தில் தண்டையார்பேட்டையைத் தாண்டியது. பவுனம்மாள் முன்னால் போய், டிரைவருக்குப் பின்னாலிருந்த முதல் சீட்டிலிருந்து டிபன் கேரியரை எடுத்துக் கீழே தரையில் வைத்துவிட்டு, அங்கே உட்கார்ந்துகொண்டாள்.